சித்திரக்கனி நின்ற இடமெல்லாம்

ஆனி பிறந்து, மேற்கேயிருந்து காற்று இறங்கி, சோற்றுப்பானையைத் திறந்தால் பானைக்குள்ளும் செம்மண் கிடக்கும் காலத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை விடிந்தபோது, நடுத்தேரிவிளையில் தங்கவடிவு வீட்டுப் பின்வேலி ஓரத்தில் ஒரு செடி நின்றது. முந்தின நாள் அது அங்கே இல்லை. முளைத்து, துளிர்த்து, இலை விட்டு வளர்கிற வேலையெல்லாம் அதற்குத் தெரியாது போலிருக்கிறது. வரும்போதே முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. இலை ஆட்டுக்குட்டிக் காது மாதிரித் தொங்கியது, மேலே சாம்பல் நிறம், புரட்டினால் தேரி மண்ணின் சிவப்பு. முள் இல்லை. ஒடித்தால் பால் இல்லை. ஒரு வெள்ளாடு வந்து மோந்து பார்த்தது, தின்னவும் இல்லை, விலகவும் இல்லை, பக்கத்திலேயே படுத்து அசைபோட்டது.

தேரியைப் பார்க்காதவர்களுக்கு அதைச் சொல்லி விளங்கவைப்பது கஷ்டம். கடலுக்கு இந்தப் பக்கம், மிளகாய்வற்றலை இடித்து மலைமலையாகக் குவித்துவைத்தாற்போலச் சிவப்பு மணல். காற்று மாதங்களில் ஒரு மேடு எழுந்து போய் இன்னொரு இடத்தில் உட்காரும். போன வருஷம் கிணறு இருந்த இடத்தில் இந்த வருஷம் ஒன்றும் இராது. அந்த மணலில் காலூன்றத் தைரியம் உள்ளவை பனையும் உடைமரமும் கொல்லாமரமும் விராலியும் எருக்கும், அப்புறம் நடுத்தேரிவிளையின் எழுபது வீட்டு ஜனங்களும்தான். ஆண்கள் பனையேறுவார்கள். இறக்கின பதநீரை, அங்கே பயினி என்பார்கள், பெண்கள் ஓலைக்குடிசைக்குள் சட்டியில் ஊற்றிக் காய்ச்சிக் கருப்பட்டியாக்குவார்கள். மீதி நேரமெல்லாம் ஆணும் பெண்ணும் மண் அள்ளுவார்கள். விடிந்ததும் வாசல் மண், பொழுது அடைந்ததும் முற்றத்து மண். பிறந்த பிள்ளைக்குப் பேர் வைக்கும் முன்னால் காதிலிருக்கும் மண்ணை எடுப்பார்கள் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் கேலி பேசுவார்கள்.

செடி என்று ஒன்று வந்துவிட்டால் அந்த ஊரில் கூப்பிடுவது சித்திரக்கனியைத்தான். படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. ஆனால் எந்த இலையையும் கசக்கி மோந்து, நுனிநாக்கில் வைத்து, இது இன்னது, இது மேட்டின் இன்ன சரிவில்தான் நிற்கும், காற்றுப் படுகிற பக்கமா மறைவுப் பக்கமா, அதற்கடியில் எத்தனை முழத்தில் தண்ணீர் கிடக்கும் என்பது வரைக்கும் சொல்லிவிடுவாள். "செடியைக் காட்டு, எங்க நின்னுச்சுன்னு நான் சொல்லுதேன். இடத்தைக் காட்டு, அங்க என்ன செடி நிக்கும்னு நான் சொல்லுதேன்" என்பாள். ஐம்பது வயதுக்கு அவளிடம் சேர்ந்திருந்த பெருமை அது ஒன்றுதான். மற்ற பெருமையெல்லாம் தங்கவடிவிடம் இருந்தது.

தங்கவடிவு அவளுடைய ஓரகத்தி. சித்திரக்கனி ஆதிலிங்கத்தைக் கட்டி வந்து மூன்று வருஷம் கழித்து, ஆதிலிங்கத்தின் தம்பி வைகுண்டத்தைக் கட்டி வந்தவள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு முள்வேலிதான். வந்த நாளிலிருந்து எல்லாம் அவள் கைக்குத்தான் வசப்பட்டது. ஒரே வரிசைப் பனை, ஒரே பயினி, ஒரே விறகு. இவள் காய்ச்சினால் கருப்பட்டி பிசுபிசுத்து, அச்சுக்கு வைத்த சிரட்டையோடு ஒட்டிக்கொள்ளும், அவள் காய்ச்சினால் தட்டின உடனே கழன்று விழுந்து கன்றுக்குட்டி மூக்கு மாதிரி மினுமினுக்கும். அவள் கிணற்றில் இளநீர் மாதிரித் தண்ணீர், இவள் கிணற்றில் உப்பு. அவள் கோழி அடைகாத்தால் ஒரு முட்டைகூடக் கூமுட்டையாகாது. அவளுக்கு மழை பெய்தால்கூட ஓலை மாற்றின மறுநாள்தான் பெய்யும். ஆகவே தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு, தங்கவடிவு பாகை இறக்கிச் சிரட்டையில் ஊற்றும் நேரமாகப் பார்த்து, வேலிப்பருத்தி இலை பறிக்கிற சாக்கில் சித்திரக்கனி பின்வேலிக்குப் போவாள், போய் நிற்பாள், நின்று பார்ப்பாள், வயிறு எரியும், எரிந்து முடிந்ததும் திரும்பி வந்து உலை வைப்பாள். மாடு கறக்கிற மாதிரி, முற்றம் தெளிக்கிற மாதிரி, இருபத்தெட்டு வருஷமாக அது அவளுக்கு அன்றாட வேலை.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஊரே கூடி நிற்க, சித்திரக்கனி ஒரு இலையைப் பறித்துக் கசக்கினாள். சட்டியில் அடிப்பிடித்த பாகின் வாசம் வந்தது. நாக்கில் வைத்தாள். வைத்ததும் துப்பிவிட்டாள், ஏனென்றால் அந்தக் கசப்பையும் அதற்கடியில் இருந்த காந்தலையும் அவளுக்கு நன்றாகத் தெரியும், தினமும் நாலு மணிக்கு அவள் வாயில் ஊறுகிற ருசிதான் அது. மெதுவாகக் குனிந்து பார்த்தாள். அவள் நின்று நின்று பள்ளமாகிப்போன இரண்டு காலடிக் குழிக்குள்ளிருந்துதான், ஒரு குழிக்கு ஒரு தண்டாக, அந்தச் செடி எழுந்து நின்றது.

"என்னக்கா இது? பேரென்ன?" என்றாள் தங்கவடிவு.

"தெரியலட்டி" என்றாள் சித்திரக்கனி.

செடி வந்ததைக் காட்டிலும், சித்திரக்கனி தெரியலை என்று சொன்னதுதான் அன்றைக்கு ஊரில் பெரிய அதிசயமாகப் பேசப்பட்டது.

செடியின் குணம் இரண்டு நாளில் தெரிந்துவிட்டது. காற்று தூக்கிக்கொண்டு வந்த மண், செடியைக் கண்டதும் வாத்தியாரைக் கண்ட பிள்ளைகள் மாதிரி அந்தப் பக்கமே உட்கார்ந்துகொண்டது. இந்தப் பக்கம் ஒரு மணி விழவில்லை. தங்கவடிவு நாலு நாளாக வாரியலைத் தொடவில்லை. மண் அள்ளுகிற பாடும் இவளுக்கு இல்லாமல் போச்சே என்று சித்திரக்கனி வேலியோரம் நின்று நெஞ்சு காந்தினாள். மறுநாள் அங்கே இன்னும் இரண்டு செடி. அதைப் பார்த்து மறுபடியும் காந்தினாள், மறுநாள் மூன்று.

ஊர் அந்தச் செடியைத் தன் நடைமுறைக்குள் சேர்த்துக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை. வேரோடு பிடுங்கித் தன் வீட்டு வாசலில் நடலாம் என்று பார்த்தவர்கள் கையில், நாலு எட்டு வைப்பதற்குள் செடி மண்ணாக உதிர்ந்து போனது. போனது போக, பிடுங்கின இடத்தில் மறுபடி நின்றது. விதையும் இல்லை, பூவும் இல்லை, பதியமும் பிடிக்கவில்லை. கோயில் பூசாரி ஒரு மஞ்சள் துணியைச் சுற்றிப் பார்த்தார், அது சாமிச் செடியாக இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் துணிதானே நஷ்டம் என்று. பெண்கள் அதன்மேல் துணி காயப்போட்டார்கள். ஊர்த் தர்மகர்த்தா சிவனணைந்தான், செடி யார் நிலத்தில் நிற்கிறதோ அவர்களுக்கு நிழல் சொந்தம், அது நிறுத்துகிற மண் ஊருக்குச் சொந்தம் என்று தீர்ப்புச் சொன்னார். அந்த மண்ணை வைத்துக்கொண்டு ஊர் என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. அத்தனை பேருக்கும் ஒரே கேள்விதான் இருந்தது: இது எங்கே வளரும், ஏன் நம் வீட்டில் வளரவில்லை?

கல்லூரி ஒன்றில் செடிகொடிப் பாடம் நடத்துகிற ஜெபசீலி அம்மா கேள்விப்பட்டு ஜீப்பில் வந்து இறங்கினார். இலையைச் செய்தித்தாளுக்கு நடுவே வைத்து அழுத்தினார். பிரித்துப் பார்த்தால் தாளில் இலை வடிவத்தில் சிவப்பு மண் மட்டும் இருந்தது. அவர் பதறவில்லை, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: "செடி தன்னைக் காட்டலைன்னா அது நிக்கிற இடத்தைப் படிக்கணும். இடம் தெரிஞ்சா பேர் தெரிஞ்சிரும்." சித்திரக்கனிக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருஷம் தான் சொன்ன பேச்சையே இன்னொரு வாயில் கேட்டால் அது இவ்வளவு பயமாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

ஜெபசீலி அம்மா ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே ஊரைச் சுற்றினார், ஊர் அவர் பின்னால் சுற்றியது, சித்திரக்கனி ஊர் பின்னால் சுற்றினாள். தங்கவடிவு வீட்டுப் பின்வேலி, பதினொன்று. தங்கவடிவு கிணற்றடி, இரண்டு. அது, முதல் இழுவையிலேயே அவள் வாளி நிரம்பி வந்ததற்கு மறுநாள் நின்றது. பஸ் நிறுத்தம், ஒன்று. அது, கிளிப்பச்சைச் சேலை கட்டி இறங்கின தங்கவடிவுக்குக் கண்டக்டரே பையை இறக்கிக் கொடுத்ததற்கு மறுநாள். பள்ளிக்கூட மேடைக்கு எதிரே, ஒன்று. அது, அவள் மகள் பரிசு வாங்கினதற்கு மறுநாள். "ஒன்னோட ஒன்னு ஒட்டவே மாட்டேங்குதே" என்று ஜெபசீலி அம்மா நெற்றியைத் தேய்த்தார். "ஒரே மாதிரி மண்ணில்லை, ஒரே மாதிரி ஈரமில்லை, நிழலிலயும் நிக்குது, வெயில்லயும் நிக்குது." சித்திரக்கனிக்கு மட்டும் அந்த நோட்டுப் புத்தகம், தன் வயிற்றைக் கிழித்து உள்ளே இருப்பதை வரிசையாக எழுதி வைத்த மாதிரி இருந்தது. யாராவது ஒருத்தர் அந்தப் பட்டியலை நிதானமாகப் படித்தால் போதும். செடிக்குப் பேர் கிடைத்துவிடும், இவள் பேர் போய்விடும்.

ஆகையால் அவள் ஒரு காரியம் செய்தாள், செய்யக் கூடாத காரியம். தேரி ஜனங்களுக்கு மண்தான் காலைச் செய்தி. விடிந்ததும் முற்றத்து மண்ணைப் பார்த்து, நல்லபாம்பு இப்படிப் போயிருக்கிறது, கீரி அப்படி வந்திருக்கிறது, இன்னார் கடன் கேட்க வந்து கூப்பிடாமல் திரும்பிவிட்டார் என்று வாசித்துவிடுவார்கள். அதனால் சித்திரக்கனி எங்கே போய் நின்றாலும், திரும்பும்போது ஒரு வடலிப்பனை ஓலையை இழுத்துத் தன் தடத்தை அழித்துக்கொண்டே வந்தாள். ஒரு வாரம் அழித்தாள். எட்டாம் நாள், ஆடு மேய்க்கிற செல்லப்பழம் பெரியவர் தங்கவடிவு வேலியோரம் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாச் செடிக்கும் முன்னால கூட்டி வச்சிருக்கு" என்றார். "மனுசன் நடந்தா தடம் இருக்கும். மனுசன் நடக்கலைன்னா காத்து வரி இருக்கும். இங்க ரெண்டும் இல்ல. இது தடத்தை அழிச்ச தடம்." அப்புறம் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "ஓலையை இடங்கையால இழுத்திருக்கு. ஊர்ல இடங்கைக்காரி யாருலே?"

நடுத்தேரிவிளையில் இடங்கைக்காரி ஒருத்திதான்.

கருப்பட்டிக் குடோன் முன்னால் ஊர் கூடியது. சித்திரக்கனி நடுவில் நின்றாள். ஆதிலிங்கம் பனையிலிருந்து இறங்கின கோலத்தில், இடுப்பு அரிவாள் பெட்டியோடு அவள் பக்கத்தில் நின்றான். தர்மகர்த்தா கேட்டார், "மந்திரமா மாயமா தாயி? என்ன செஞ்சே?"

"ஒன்னும் செய்யல அண்ணாச்சி. நின்னேன். நின்னு வயிறெரிஞ்சேன். மறுநாள் அங்கன செடி இருக்கும். அம்புட்டுத்தான்." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். காறித் துப்புவார்கள் என்று நினைத்தாள். ஊரைவிட்டுத் தள்ளுவார்கள் என்று நினைத்தாள். தங்கவடிவு தலைமுடியைப் பிடிப்பாள் என்று நினைத்தாள். தங்கவடிவு என்னவென்றால், பேர் எடுத்த பிள்ளையைப் பெற்றவள் மாதிரி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றாள்.

அப்புறம் கூட்டத்தின் கடைசியிலிருந்து ராசக்கொடி என்கிறவள் ஆங்காரமாகக் கேட்டாள்: "ஏன் மயினி, எங்க வீட்டுக்கு முன்னால ஒரு நாளும் நிக்கலையே, எங்ககிட்ட வயிறெரிய ஒன்னுமே இல்லையா?"

அவ்வளவுதான். ஊர் கொந்தளித்துவிட்டது. "நாங்க போன தையிலதான் ஓடு மாத்தினோம், அது கண்ணுல படலையாக்கும்!" "எம் மவன் போலீசுல சேந்தானே, அன்னைக்கு நீ எங்க போயிருந்தே?" "எல்லாம் அவ ஓரகத்திக்குத்தான் செய்வா. சொந்தம் விட்டுப் போகுமா?" தர்மகர்த்தா கையைத் தூக்கி அமர்த்தி, முடிவாகச் சொன்னார்: ஆடிக் காற்று வரப்போகிறது, வருஷா வருஷம் ரெண்டு வீட்டையாவது மண் விழுங்குகிறது, ஆகவே சித்திரக்கனி ஒரு நாளைக்கு ஏழெட்டு வீடு என்று முறைவைத்துப் போய்ப் பொறாமைப்பட வேண்டியது, ஊர் அவளுக்குக் குடை பிடிக்க வேண்டியது.

மறுநாளிலிருந்து அது நடந்தது. காலையில் ஒருத்தி குடையோடு வந்து நிற்பாள், சித்திரக்கனி கிளம்புவாள். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி வீட்டை மெழுகிக் கோலம் போட்டு, பீரோவைத் திறந்து வைத்து, பட்டைக் கொடியில் விரித்து, பிள்ளைகளின் மார்க்கு சீட்டைச் சுவரில் ஒட்டி வைத்திருப்பார்கள். சித்திரக்கனியை வாசலில் நிறுத்தி, "பாருங்க மயினி, நல்லாப் பாருங்க" என்று ஒதுங்கிக்கொள்வார்கள். அவளும் மனசார முயன்று பார்த்தாள். ஆனால் ராசக்கொடியின் அட்டிகையைப் பார்த்து அவளுக்கு ஒன்றும் எரியவில்லை. மறுநாள் அங்கே செடியும் இல்லை. ராசக்கொடி மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாள். "எங்களை அவ மனுசராவே மதிக்கலை" என்று பார்த்தவர்களிடமெல்லாம் அழுதாள்.

எரிவது வேறு எதற்கோ என்று போகப்போகத்தான் சித்திரக்கனிக்கே விளங்கியது. செல்லப்பழம் பெரியவர் மத்தியான வெயிலில் கயிற்றுக் கட்டிலில், வாயைத் திறந்துகொண்டு, கவலையே இல்லாமல் தூங்கினார். அவள் அந்தத் தூக்கத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மறுநாள் கட்டிலைச் சுற்றி நாலு செடி. தையல்காரி ஞானப்பூ, கோபத்தில் போட்ட கத்திரிக்கோலை அவள் புருஷன் எடுத்து, துடைத்து, காதோடு ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்துக் கொடுத்தான். மறுநாள் ஜன்னலுக்குக் கீழே இரண்டு செடி, ஒன்றின் இடுப்பை ஒன்று கட்டிக்கொண்ட மாதிரி. ராசக்கொடி வீட்டிலேயே, அட்டிகையைக் கழற்றி எறிந்துவிட்டு அவள் தன் தாயின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்ததைக் கண்டு, தாய் இல்லாத சித்திரக்கனி நின்ற இடத்தில் மறுநாள் ஐந்து செடி நின்றது. ராசக்கொடி ஊரெல்லாம் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாள். இப்படியாக ஆனி முடிவதற்குள் அறுபத்தெட்டு வீட்டைச் சுற்றியும் செடி நின்றது. தங்கவடிவு வீட்டுக்குத்தான் முன்னாலேயே இருந்ததே என்று அந்தப் பக்கம் போக யாரும் முறை வைக்கவில்லை. சித்திரக்கனிக்கும் வேலிப்பருத்தி பறிக்க நேரம் இல்லை.

ஆடி பிறந்தது. அந்த வருஷக் காற்றை அதற்கு முன்னும் பின்னும் யாரும் பார்க்கவில்லை. மேற்கேயிருந்து மேடு மேடாக மண் எழுந்து வந்து, முதல் வீட்டுச் செடி முன்னால் நின்றது, அங்கே இடமில்லை என்றதும் அடுத்த வீட்டுக்குப் போனது, அங்கேயும் இடமில்லை. அறுபத்தொன்பது வீடும் ஒதுக்கிய மண், எங்கேயாவது போய் உட்கார்ந்துதானே ஆக வேண்டும்? உட்கார்ந்தது. எழுபதாவது வீடு சித்திரக்கனியின் வீடு. அதற்கு முன்னால் நின்று வயிறெரிந்தவர் எவரும் இல்லை.

முதல் நாள் வாசற்படி போயிற்று. மூன்றாம் நாள் ஜன்னலின் பாதி. ஆதிலிங்கம் ஓலைத் தட்டி கட்டினான், காற்று அதைப் பிடுங்கிக் கடலுக்குக் கொண்டுபோனது. இருவரும் கூடை கூடையாக அள்ளினார்கள். ஒரு கூடை போட்டுத் திரும்புவதற்குள் இரண்டு கூடை வந்தது. சித்திரக்கனி தன் வீட்டைப் பார்த்துத் தானே பொறாமைப்பட முடியுமா என்றுகூட முயன்று பார்த்தாள். உப்புக் கிணறும், பிசுபிசுத்த கருப்பட்டியும், பக்கத்து ஊருக்குக் கல்யாணமாகிப் போய் எட்டிப் பார்க்காத மகனின் பழைய சட்டையும்தான் கண்ணில் பட்டது.

ஊர் சும்மா இருக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். குடையெல்லாம் வைத்துவிட்டு மண்வெட்டியோடு வந்தார்கள். வந்து அள்ளி மாளாமல், தர்மகர்த்தா எல்லாரையும் வேலியோரம் வரிசையாக நிறுத்தி, "ம், பொறாமைப்படுங்க" என்றார். அறுபது பேர் நின்று அந்த வீட்டைப் பார்த்தார்கள். பாதி புதைந்த சுவரைப் பார்த்தார்கள். அழுக்குச் சேலையும் மண் அப்பின முகமுமாக நின்ற சித்திரக்கனியைப் பார்த்தார்கள். எல்லார் கண்ணிலும் தண்ணீர் வந்தது. ராசக்கொடி வாய்விட்டே அழுதாள். மறுநாள் பார்த்தால், அங்கே ஒரு புல்கூட இல்லை. இரக்கத்துக்கு அந்த மண்ணில் எதுவும் முளைக்காது.

அந்தக் கூட்டத்தில் தங்கவடிவு மட்டும் இல்லை. வைகுண்டம் வந்து அண்ணனோடு மண் அள்ளினான், அவள் வரவில்லை. மண்ணைக் காட்டிலும் அதுதான் சித்திரக்கனிக்கு நெஞ்சை அடைத்தது.

பத்தாம் நாள் காலையில் கூரைத் தாழ்வாரம் வரை மண் ஏறிவிட்டது. "ஏளா, போதும்" என்றான் ஆதிலிங்கம். "எங்க அக்கா ஊருக்குப் போயிருவோம். அங்க கரிசல் மண்ணு. இருக்கிற எடத்துல இருக்கும்." கரிசலில் நிற்கிற செடிகளைச் சித்திரக்கனிக்குத் தெரியாது. ஐம்பது வயதுக்கு மேல் போய், எல்லாவற்றையும் பார்த்து, தெரியலை, தெரியலை என்று சொல்லிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே, புதையாத பக்கத்தில் பாயை விரித்துச் சாமான்களை மூட்டை கட்டினாள். சட்டி, அகப்பை, சிரட்டைகள். கட்டி முடித்து நிமிர்ந்தபோது, முள்வேலிக்கு அந்தப் பக்கம் தங்கவடிவு நின்றிருந்தாள்.

"வந்துட்டியா" என்றாள் சித்திரக்கனி. "ஊரே வந்து மண்ணு அள்ளுச்சு. நீ இப்பதான் வேடிக்கை பாக்க வாறியாட்டி? நல்லாப் பாரு. கண்ணு குளிரப் பாரு."

தங்கவடிவின் முகம் சிவந்து, உதடு கோணி, மூச்சு வாங்கியது. அந்த முகத்தைச் சித்திரக்கனி அதற்கு முன் அவளிடம் பார்த்ததில்லை, ஆனால் எங்கேயோ பார்த்திருக்கிறாள். உப்புக் கிணற்றுத் தண்ணீரில் குனியும்போதெல்லாம் பார்த்த முகம் அது. அப்போது தங்கவடிவின் காலடியில் மண் வெடித்தது. இந்தச் செடி மறுநாள் வரைக்கும் காத்திருக்கவில்லை. பட்டப்பகலில், இரண்டு பேர் கண்முன்னே, ஆட்டுக்காது இலைகளை உதறிக்கொண்டு, முழங்காலுக்கு வந்து, இடுப்புக்கு வந்து, தங்கவடிவின் மாருக்கு மேலே ஏறி நின்றது. வேலி நெடுகப் பக்கத்தில் பக்கத்தில் இன்னும் எழுந்தன.

"எதுக்குட்டி?" என்றாள் சித்திரக்கனி. "வீடு போச்சு. மூட்டையக் கட்டிட்டு நிக்கேன். என்கிட்ட என்னட்டி இருக்கு, நீ வயிறெரிய?"

"என்ன இருக்கா?" தங்கவடிவின் குரல் உடைந்தது. "இருவத்தெட்டு வருசமா நாலு மணிக்கு வேலியில வந்து நிப்பே. நீ வந்துட்டியான்னு ஓரக்கண்ணால பாத்துட்டுத்தான் நான் பாகையே எறக்குவேன். நீ வந்து நின்னாத்தான் எனக்குக் கை ஓடும். ஒன் கொழுந்தன் என் மொகத்தை ஏறிட்டுப் பாத்தது தாலி கட்டுன அன்னைக்கு. பெத்த பிள்ளை பாக்குறது என் கையில என்ன இருக்குன்னு. என்னைப் பாக்க, தெனமும் பாக்க, ஒருத்தி இருந்தா. அவளையும் ஊர்க்காரிய குடை பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டாளுவ. தையக்காரி வீட்டுல போயி நிக்கே. ஆட்டுக்காரக் கெழவன் தூங்குறதைப் போயிப் பாக்கே. ஊரே ஒன்னைத் தாங்குது, நீ இல்லாம ஒரு வீடு நிக்கல. எங்க வீட்டுப் பக்கம் ஒரு நாள், ஒரே ஒரு நாள் எட்டிப் பாத்தியாக்கா? நாலு மணியாச்சுன்னா வேலியப் பாத்துக்கிட்டே நின்னு நாலு சட்டிப் பாகு கருகிப்போச்சு. இப்ப மூட்டையும் கட்டிட்டே. கரிசக்காட்டுக்காரிய ஒன்னைப் பாத்துக்கிடுவாளுவ. அங்க எவளுக்கு வயிறெரியப் போறே?"

காற்று வந்தது. தாழ்வாரத்து மேல் ஏறப்போன மண், புதுச்செடிகளைக் கண்டு திகைத்து நின்று, மெள்ளச் சரிந்து, ஊரைத் தாண்டிக் கடல் பக்கம் போய் உட்கார்ந்தது. ஆதிலிங்கம் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வாயில் கை வைத்தான்.

சித்திரக்கனிக்குக் குடம் குடமாகத் தலையில் தண்ணீர் ஊற்றினாற்போல ஒரு குளிர்ச்சி ஓடியது. இவளுக்கு நான் வேண்டியிருந்திருக்கிறேன், இவளுக்கு, தங்கவடிவுக்கு! அந்தக் குளிர்ச்சி உள்ளங்கால் வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கும், அதற்குள் அவள் கண் அந்தச் செடிமேல் பட்டுவிட்டது. பட்டதும் கிட்டப் போனாள். தண்டைப் பிடித்துப் பார்த்தாள், கை கொள்ளவில்லை. உயரத்தைப் பார்த்தாள், தன் தோளுக்கு மேலே இருந்தது. இருபத்தெட்டு வருஷம் ஒரு நாள் தவறாமல் நின்று, கால் குழி விழ நின்று, ஊரைச் சுற்றிச் சுற்றி நின்று அவள் வளர்த்த செடி ஒன்றாவது முழங்காலைத் தாண்டினதில்லை. இவள் ஒரே ஒரு தரம் வந்து நின்றாள்.

அடிவயிற்றில் பழைய இடத்தில் பழைய தீ பற்றிக்கொண்டது.

"ஏட்டி" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு, "இதுலயும் ஒங்கைதான் ஒசத்தியா?"

தங்கவடிவு மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் இருந்தாலும், நிமிர்ந்து நின்று, செடியை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். "எனக்கு எது செஞ்சாலும் கொஞ்சம் நல்லாத்தான் வரும்க்கா. அதுக்கு நான் என்ன செய்ய?"

"வரும்டி, வரும். வராம எங்க போவும்" என்று சொல்லிவிட்டுச் சித்திரக்கனி புருஷன் பக்கம் திரும்பினாள். "என்னங்க, வாயைப் பொளந்துட்டு நிக்கிய? மூட்டைய அவுத்துச் சட்டிய எடுத்து வைங்க." அப்புறம் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்து அதட்டினாள்: "நீ என்னட்டி மரம் மாதிரி நிக்கே? போயி அடுப்பைப் பத்தவை. இன்னைக்கும் கருக விட்டுறாதே. நான் வாறேன்."